சாக்பீஸ் குறி

விமான நிலையத்தில் பேனா வைத்திருந்தவன் ஒரு காலத்தில் பெரிய மனிதன். இப்போது போகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. 2017 ஜூலை வரைக்கும் நாட்டை விட்டுப் போகிற ஒவ்வொரு இந்தியனும் ஒரு சின்னச் சீட்டை நிரப்பி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து இமிகிரேஷன் கவுண்டரில் நீட்ட வேண்டும். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விமான எண், போகிற காரணம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நடுராத்திரி துபாய் விமானத்துக்கு வந்து நிற்கிற கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் சென்ட்ரிங் ஆட்களும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யார் சட்டைப் பையில் பேனா தெரிகிறது என்று பார்ப்பார்கள்.

நான் வளைகுடாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பேனா என் தொழிலோடு வந்தது. "அண்ணே, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்கண்ணே" என்று ஒருவர் வந்தால், பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். எழுதிக் கொடுக்கும்போது பாதி ஊர்க்கதை தெரிந்துவிடும். சாயல்குடியா, கமுதியா, திருவாடானையா. பிறந்த தேதி பெரும்பாலும் மே கடைசி, ஜூன் முதல் என்றுதான் இருக்கும். ஒண்ணாம் வகுப்பில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்ட தேதி அது. சீட்டை எழுதி முடித்த பிறகு நானும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அதனால் கவுண்டரில் நடக்கிறதை எல்லாம் இரண்டு ஆள் இடைவெளியில் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

எந்த ஊர் விமான நிலையம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஊர் அதிகாரிகள் மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும்.

அதிகாரி முதலில் பார்ப்பது பாஸ்போர்ட்டை இல்லை. காலைப் பார்ப்பார். ரப்பர் செருப்பா, புது ஷூவா, புது ஷூ என்றால் காலைக் கடிக்கிற ஷூவா. அடுத்து கையைப் பார்ப்பார். ஏஜென்சி பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பை இருந்தால் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் திறக்கும். அதற்குள் அவர் என்ன குரலில் பேசப் போகிறார் என்பது முடிவாகிவிட்டிருக்கும்.

ஒருமுறை எனக்கு முன்னால் ஐம்பதைத் தொடுகிற வயதில் ஒரு கொத்தனார் நின்றார். முதல் பயணம். அந்த வயதில் முதல் பயணம் என்றால் வீட்டில் ஏதோ பெரிய கடன் என்று அர்த்தம்.

"எங்கே போறே?"

"துபாய்ங்க சார்."

"துபாய்ல எங்கே?"

"கம்பெனிங்க சார்."

"கம்பெனிக்குப் பேரு இல்லையா? உன் மாமனார் வீட்டுக்கா போறே?"

கம்பெனியின் பெயர் அரபுப் பெயர். 'அல்' என்று தொடங்கி, வாயில் நுழையாத நாலைந்து சொல் தாண்டி, 'எல்எல்சி' என்று முடியும். ஏஜென்சியில் அதை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நடுவில் ஒரு சொல் புரண்டுவிட்டது. அதிகாரி சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். பக்கத்துக் கவுண்டரைக் கூப்பிட்டு, "யோவ், இவன் சொல்றதைக் கேளு" என்றார். கொத்தனார் மறுபடியும் சொன்னார். பக்கத்துக் கவுண்டரும் சிரித்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இந்தத் தடவை அவர் சரியாகச் சொல்லிவிட்டார், அதற்கும் சிரித்தார்கள்.

அப்புறம் விசா. அந்தக் காலத்தில் அசல் விசாவைக் கம்பெனிக்காரர்கள் துபாய் விமான நிலையத்தில் கட்டி வைத்திருப்பார்கள். இறங்கியபின் அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே கையில் இருப்பது ஃபேக்ஸ் நகல், அதிலும் நகலின் நகல். போட்டோவில் இருக்கிற முகம் கரி பூசிய மாதிரி தெரியும். அதிகாரி அதை விளக்குக்கு நேரே பிடித்து, "இதை எந்தக் கடையில அடிச்சே?" என்றார். கொத்தனாருக்குப் பதில் தெரியவில்லை. "அவங்க குடுத்தாங்க சார்" என்றார்.

கடைசியில் முத்திரை விழுந்தது. பாஸ்போர்ட்டை அவர் தள்ளிய வேகத்தில் அது மேசையைத் தாண்டித் தரையில் விழுந்தது. கொத்தனார் குனிந்து எடுத்தார். காலில் பட்ட புத்தகத்தை ஒற்றிக்கொள்வது போல அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நடந்தார்.

எனக்கு அடுத்து டை கட்டிய ஒருவர் நின்றிருந்தார். அதே நாற்காலி, அதே மனிதர். "பிசினஸ் ட்ரிப்பா சார்?" என்று கேட்ட குரலில் தேன் ஒழுகியது.

சென்னைக்காரர்களுக்கு இசிஆர் என்றால் மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பாஸ்போர்ட்டில் இருக்கிற அடையாளம். பத்தாம் வகுப்பு தேறாதவர் வேலைக்காக வெளிநாடு போனால் எமிகிரேஷன் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் பொருள். எல்லா நாட்டுக்கும் இல்லை; வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான், லெபனான் என்று 18 நாடுகளுக்கு. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. அனுமதி கொடுக்கிற அதிகாரியின் பதவிப் பெயரே குடிபெயர்வோர் பாதுகாவலர். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளம் இவ்வளவு, வேலை இது என்று காகிதத்தில் எழுதி வாங்காமல் அனுப்பி, அங்கே ஆடு மேய்க்க விட்ட கதைகள் எங்கள் தாலுக்காவில் தெருவுக்கு ஒன்று உண்டு. முப்பது வயதுக்குக் கீழே உள்ள இசிஆர் பெண்கள் அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்ற விதியும் காரணமில்லாமல் வந்ததில்லை. ஏஜென்ட்டுகள் அதைச் சுற்றிக்கொண்டு போக விசிட் விசாவில் அனுப்புவார்கள். கவுண்டரில் இருப்பவர் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் 2018 ஜனவரியில் இசிஆர் ஆட்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பாஸ்போர்ட் கொடுக்கப் போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டார்கள். அது நடந்திருந்தால் செருப்பைப் பார்க்கிற சிரமம்கூட மிச்சமாகியிருக்கும்.

கவுண்டரில் திருப்பி அனுப்பினால் அதற்கு 'ஆஃப்லோடு' என்று பெயர். மூட்டைக்குச் சொல்கிற சொல்தான் மனிதனுக்கும். விமானத்தின் வயிற்றிலிருந்து அவன் பெட்டியைத் தேடி இறக்குவார்கள். டிக்கெட் பணம் போச்சு. ஏஜென்டுக்குக் கட்டியது பாதிதான் திரும்பும், அதுவும் நாலு தடவை நடந்தால். கடன் கொடுத்தவன் வட்டியை நிறுத்த மாட்டான். எல்லாவற்றையும்விட, மாலை போட்டு வேன் வைத்து வழியனுப்பின ஊருக்குள் மறுநாள் காலை பஸ்ஸில் போய் இறங்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அப்படித் திரும்பியவன் ஊருக்கு வராமல் திருப்பூருக்குப் போய்விட்டான். வீட்டில் அவன் சவூதியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாதா மாதம் பணமும் வந்தது, பனியன் கம்பெனிச் சம்பளத்திலிருந்து.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு இமிகிரேஷன்காரரை ஒருமுறை ரயிலில் சந்தித்தேன். நல்ல மனிதர். தன் இட்லியில் எனக்கும் பங்கு வைத்தார். ஏன் அப்படிப் பேசுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ராத்திரி ஒரு மணிக்கு மூணு ஃப்ளைட்டு ஒண்ணா நிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. தப்பான ஆளை விட்டுட்டா எனக்கு மெமோ வரும். சரியான ஆளைத் திருப்பி அனுப்பிச்சா ஒண்ணும் வராது. நீங்க என் நாற்காலியில இருந்தா என்ன செய்வீங்க?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இவ்வளவு தெளிவாக யாரும் இதைச் சொன்னதில்லை. ஆனாலும் மெமோ பயம் கேள்வி கேட்பதற்குத்தான் காரணமாகும். பக்கத்துக் கவுண்டரைக் கூப்பிட்டுச் சிரிக்க எந்த மெமோவும் வற்புறுத்தவில்லை. இதை அவரிடம் சொன்னேன். "அது அவனவன் வளர்ப்பு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் இறங்கினால் அங்கே வேறு மாதிரி. வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் நம்மைத் திட்டுவதில்லை, சிரிப்பதில்லை, பார்ப்பதுகூட இல்லை. விரலை மட்டும் அசைப்பார். வா என்றால் ஒரு அசைவு, போ என்றால் இன்னொன்று. நாடு கடத்தப்பட்டவர்கள் வேறு பெயரில் திரும்பி வராமல் இருக்கக் கண்ணைப் படம் எடுக்கும் ஏற்பாட்டை அமீரகத்தில் 2000களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கு ஒரு வரிசை, அங்கே ஒரு காத்திருப்பு. வலிக்காது. வேற்று நாட்டான், அவன் வீட்டு வாசல், அவன் இஷ்டம் என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். சொந்த ஊர்க் கவுண்டரில் அந்தச் சமாதானம் செல்லாது.

திரும்பி வரும்போது இமிகிரேஷனில் அவ்வளவு தொல்லை இல்லை. வந்தவனை எங்கே திருப்பி அனுப்புவது? அப்போது முறை கஸ்டம்ஸ்காரர்களுடையது. அட்டைப்பெட்டியைக் கம்பெனி கேம்ப்பில் நைலான் கயிறு போட்டு, குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியிருப்போம். நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் பெயரும் ஊரும். உள்ளே புலிப் படம் போட்ட கம்பளி, டாங் பவுடர், நிடோ டப்பா, கோடாலித் தைலம், செண்ட், தங்கச்சி பிள்ளைக்கு ரிமோட் கார். பெல்ட்டில் பெட்டி வருவதற்கு முன்பே, உள்ளே யாரோ சிலவற்றின்மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். குறி விழுந்த பெட்டி திறந்தாக வேண்டும். துண்டில் எச்சிலைத் தொட்டு அதை அழிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. அழித்த தடம் பளிச்சென்று தெரிவதால் அதற்குத் தனியாக ஒரு திட்டு.

கயிற்றை அவிழ்க்க விடமாட்டார்கள். கத்தியால் ஒரு இழுப்பு. இரண்டு வருஷம் சேர்த்தது மேசைமேல் கொட்டும். டாங் டப்பாவுக்குள் கம்பியை விட்டுக் குடைவார்கள். செண்ட் பாட்டிலை எண்ணும்போது எண்ணிக்கையில் ஒன்று குறையும். குறைந்தது எங்கே என்று யாரும் கேட்பதில்லை. தங்கம் கடத்துகிறவன் இருக்கிறான் என்பது எனக்கும் தெரியும். பேஸ்ட் ஆக்கி உடம்புக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று பேப்பரில் வாரம் தவறாமல் செய்தி. ஆனால் அவன் அட்டைப்பெட்டியும் கயிறுமாக வருவதில்லை. 2013 ஆகஸ்டில் ஃபிளாட் டிவிக்கு வரி போட்டார்கள், 35 சதவீதத்துக்கு மேல். அதற்கு முன் 35,000 ரூபாய்ச் சலுகைக்குள் டிவி கொண்டுவந்து பழகியவர்கள், விதி மாறியது தெரியாமல் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். "பேப்பர் படிக்க மாட்டியா?" என்று ஒரு அதிகாரி கேட்டது காதில் விழுந்தது. கேட்கப்பட்டவர் கைநாட்டு.

என் பெரியம்மா கதையைச் சொல்ல வேண்டும். மகள் பேறுகாலத்துக்கு ஷார்ஜா வந்தவர். திரும்பும்போது நான் விடுமுறையில் போகிறேன் என்று என்னோடு அனுப்பினார்கள். பெரியம்மா காதில் தண்டட்டி. இந்தத் தலைமுறை ஆட்கள் பார்த்திருக்க மாட்டார்கள். காதுமடலை இழுத்துத் தோளுக்குக் கொண்டுவந்துவிடும் பெரிய நகை. பார்க்கத்தான் கனம், மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கஸ்டம்ஸ் மேசையில் இருந்தவர் வடக்கத்தி இளைஞர். அவர் தண்டட்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கடத்தல் தங்கத்தை இப்படிக் காதில் உருட்டி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போல. கழற்று என்று சைகை காட்டினார்.

"இதைக் கழட்டணும்னா தட்டான் வரணும்" என்றார் பெரியம்மா.

மொழி தெரிந்த இன்னொருவர் வந்தார். அவருக்கு மொழி தெரிந்ததே தவிர மரியாதை தெரியவில்லை. "கெழவி, ஒழுங்கா சொல்லு. எத்தனை பவுன்?" என்றார்.

"மேலதாய்யா தங்கம், உள்ள அரக்கு. வேணும்னா கடிச்சுப் பாரு."

நகையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும்போது கஸ்டம்ஸில் காட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நடைமுறை இருக்கிறது. திரும்பும்போது அதைக் காட்டினால் வரி கேட்க மாட்டார்கள். "போறப்போ சர்டிபிகேட் வாங்கினியா?" என்று கேட்டார். காதில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தொங்குவதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எந்தக் கிழவிக்குத் தோன்றும்? "போறப்பவும் இதே காதோடதான் போனேன். அன்னிக்கு நீ எங்கய்யா போயிருந்தே?" என்று பெரியம்மா திருப்பிக் கேட்டார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. தனி அறைக்குக் கூட்டிப்போக வேண்டும், பெண் அதிகாரி வர வேண்டும் என்று பேச்சு வேறு பக்கம் போனது.

பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தார். "அந்தப் பொஸ்தகத்தைத் தொறந்து பாக்கச் சொல்லுடா" என்றார். பாஸ்போர்ட்டில், போட்டோவில், இரண்டு காதிலும் தண்டட்டி தொங்கியது. அரசாங்க முத்திரையோடு. வடக்கத்தி இளைஞர் போட்டோவையும் காதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை ஆட்டி, "ஜாவ், ஜாவ்" என்றார். அவ்வளவுதான். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு பெரியம்மா, "பாவம், அவுக ஆத்தா காதுல பொட்டுத் தங்கம் பாத்திருக்க மாட்டான் போல" என்றார். எனக்குத்தான் ஊர் வரும் வரைக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

2009இல் அப்துல் கலாமை டெல்லி விமான நிலையத்தில் ஒரு அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் சோதனை போட்ட செய்தி ஜூலையில் வெளியே வந்தது. ஏப்ரலில் நடந்ததாம். அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர்களைச் சோதனை போடக் கூடாது என்று இந்திய விதி இருந்தும் நடந்தது. கேம்ப் மெஸ் ஹாலில் டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் சாப்பாட்டுத் தட்டோடு எல்லாரும் எழுந்து நின்று பார்த்தோம்.

"கலாமையே ஷூவைக் கழட்டச் சொல்லிட்டானாம்டா" என்றார் ஒருவர். சொன்ன விதத்தில் வருத்தம் பாதி, ஒரு மாதிரி ஆறுதல் பாதி. அவருக்கே இப்படி என்றால் நமக்கு நடந்ததில் என்ன இருக்கிறது என்கிற ஆறுதல்.

தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர், பிளம்பர், அதை ஒத்துக்கொள்ளவில்லை. "அவருகிட்ட கம்பெனிக்காரன் மன்னிப்புக் கேட்டான். பார்லிமெண்டுல சத்தம் போட்டாக. உன்கிட்ட எவன்டா கேட்டான்?" என்றார்.

2011இல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் மறுபடியும் நடந்தது. கலாம் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, கோட்டையும் ஷூவையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போதும் இந்திய அரசு கண்டித்தது, அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தில் சோதனைக்கு ஆளானதை, அமெரிக்க அதிகாரியாக இருந்த ஸ்ட்ரோப் டால்போட் தன் புத்தகத்தில் எழுதியதும் 2004இல் அப்படித்தான் பரபரப்பானது. பிளம்பர் சொன்னது என் மனதில் தங்கிவிட்டதால், இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் மன்னிப்பு கேட்கப்பட்டதா என்று மட்டும் பார்ப்பேன். 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் கனிமொழி, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்னதற்கு, நீங்கள் இந்தியரா என்று ஒரு பாதுகாப்புப் படை அதிகாரி கேட்டதாக அவரே பதிவிட்டார். அதற்கும் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். அவர் எம்.பி.

நான் ஊரோடு வந்துவிட்டேன். போகிற பிள்ளைகள் இப்போது பேனா கேட்டு வருவதில்லை. சீட்டும் இல்லை, பேனாவும் வேண்டாம். கவுண்டரில் என்ன கேட்பார்கள் என்று கேட்டுத்தான் வருகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து நானே அதிகாரி ஆகிவிடுவேன். சும்மா இதமாகக் கேட்டால் பழக்கம் வராது என்பதால் அவர்கள் மாதிரியே கேட்பேன். இதில் ஒரு விசித்திரம், வாயைத் திறந்தால் அந்தக் குரல் தானாக வந்துவிடுகிறது. போன மாதம் கத்தார் போகிற பையன் ஒருவன் முன்னால் நின்றான்.

"எங்கேடா போறே?"

பையன் சிரித்தான்.

"சிரிக்காதே. சிரிச்சா சந்தேகம் வரும்."

"அப்ப பயந்த மாதிரி நிக்கவா மாமா?"

"பயந்தாலும் சந்தேகம் வரும்."

"பெறகு எப்படித்தான் நிக்கிறது?"

உள்ளேயிருந்து என் மனைவி, "யாரைப் போட்டு இந்த அதட்டு அதட்டுறீக?" என்று கத்தினாள்.

"காண்ட்ராக்ட் முதல்ல, அடுத்து விசா, அடுத்து டிக்கெட். அதே வரிசையில வெச்சுக்க" என்றேன் பையனிடம். "கேட்டதுக்கு மட்டும் பதில். கம்பெனி பேரைச் சொல்லு பார்ப்போம். முழுசா."